மாமியாருக்கு 60 வயது நிறைந்துவிட்டது: சாஸா முதியோர் உதவித்தொகைக்குப் பிள்ளைகளின் சம்பளமும் கணக்கில் வருமா?

சாட்ஸ்வொர்த் மருமகள்:

அனைவருக்கும் வணக்கம். நான் கும்பகோணத்துக்கு அருகில் பிறந்தவள். திருமணமாகிப் பதினேழு ஆண்டுகளாகத் தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் வாழ்கிறேன். எங்கள் வீட்டில் எழுந்த ஒரு கேள்விக்கு ஆளுக்கொரு விடை சொல்வதால், விவரம் அறிந்தவர்களிடம் கேட்டுவிடலாம் என்று இங்கே எழுதுகிறேன். வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் சற்று மனம்விட்டும் எழுத முடிகிறது.

என் மாமியாருக்கு நான்கு மாதங்களுக்கு முன்பு 60 வயது நிறைந்தது. இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு துணி ஆலையில் தையல் வேலை செய்தவர். ஆலை மூடப்பட்டபோது வருங்கால வைப்பு நிதியாகக் கிடைத்த தொகையில் மிஞ்சிய 1,40,000 ராண்ட் வங்கியில் நிரந்தர வைப்பாக இருக்கிறது. மாமனாருக்கு 63 வயது. மாநகராட்சியில் வேலை பார்த்தவர் என்பதால் மாதம் 7,400 ராண்ட் ஓய்வூதியம் வருகிறது. வீடு அவர் பெயரில் இருக்கிறது. பின்கட்டில் உள்ள அவுட்பில்டிங்கை ஒரு குடும்பத்துக்கு 2,500 ராண்ட் வாடகைக்கு விட்டிருக்கிறோம். என் கணவரும் நானும் வேலைக்குப் போகிறோம். அதே வீட்டில்தான் இருக்கிறோம்.

சாஸா என்னும் தென்னாப்பிரிக்கச் சமூகப் பாதுகாப்பு முகமை தரும் முதியோர் உதவித்தொகைக்கு மாமியார் பெயரில் விண்ணப்பிக்கலாம் என்று நான் சொன்னவுடன், மகன் சம்பாதிக்கும் வீட்டில் பென்ஷன் தர மாட்டார்கள் என்று நாத்தனார் சொல்கிறார். வீட்டின் மதிப்பைப் பார்த்தவுடன் விண்ணப்பத்தைத் திருப்பிவிடுவார்கள் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். கடைத்தெருவில் ஒருவர், 600 ராண்ட் கொடுத்தால் படிவத்தை நிரப்பி உள்ளே பேசி முடித்துத் தருவதாகச் சொன்னாராம். மாமனாரோ, அரசாங்கத்திடம் கையேந்தும் நிலை தமக்கு இன்னும் வரவில்லை என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளை விரித்துவிடுகிறார்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இவர்கள் இருவரும் கோயிலில் தாலி கட்டி மணந்தவர்கள். திருமணத்தை அரசில் பதிவு செய்யவே இல்லை. உள்துறைப் பதிவேட்டில் மாமியார் இன்றுவரை மணமாகாதவர்.

கடைசியாக, என் சொந்த அம்மாவைப் பற்றியும் கேட்க வேண்டும். அப்பா காலமான பிறகு இங்கே வந்து, நிரந்தர வசிப்புரிமை பெற்று எங்களோடு இருக்கிறார்; வயது 66. அவர் இந்தியக் குடியுரிமையை விடவில்லை. அவரைப் போன்றவர்களுக்கு இந்த உதவித்தொகை உண்டா, இல்லையா?

ஃபீனிக்ஸ் சமூகப்பணி:

வணக்கம் அம்மா. நான் சமூகநலத் துறையில் நீண்ட காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன். உங்கள் கேள்வியில் உள்ள ஒவ்வொரு செய்தியும் தேவையானதுதான் என்பதால், வரிசைப்படி இல்லாவிட்டாலும் எதையும் விடாமல் சொல்ல முயல்கிறேன்.

முதலில் உங்கள் நாத்தனார் சொன்னது தவறு. முதியோர் உதவித்தொகைக்கான வருமானச் சோதனையில் விண்ணப்பதாரரின் வருமானமும் சொத்தும், மணமானவராயின் அவருடைய துணைவரின் வருமானமும் சொத்தும் மட்டுமே பார்க்கப்படுகின்றன. மகன், மருமகள், மகள் ஆகியோர் ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் அவர்களுடைய சம்பளம் அந்தக் கணக்கில் சேராது. பிள்ளை சம்பாதிக்கிறான் என்ற ஒரே காரணத்தால் அலுவலகத்தின் வாசலையே மிதிக்காமல் இருந்துவிட்ட முதியவர்களை நான் நூற்றுக்கணக்கில் பார்த்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டு அக்கா சொன்னதும் அப்படித்தான். விண்ணப்பதாரர் தாமே குடியிருக்கும் வீடு சொத்துக் கணக்கில் வராது. வேறொரு வீடோ மனையோ இருந்தால் அது வரும். ஆனால் அவுட்பில்டிங்கிலிருந்து வரும் வாடகை வருமானம். அதை மறைக்கக் கூடாது. மாமியாரின் வைப்புத் தொகை சொத்தாகவும், அதிலிருந்து வரும் வட்டி வருமானமாகவும் கொள்ளப்படும்.

உச்சவரம்புகள் உதவித்தொகையோடு சேர்ந்து உயர்ந்துகொண்டே வருவதால், விண்ணப்பிக்கும் ஆண்டுக்கு உரிய தொகையை அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஓர் அளவு தெரிய வேண்டுமென்றால், 2023ஆம் ஆண்டளவில் தனி நபருக்கு ஆண்டு வருமானம் 96,840 ராண்டுக்கும், சொத்து 13,72,800 ராண்டுக்கும் மேல் போகக் கூடாது என்றும், தம்பதிக்கு இவற்றின் இரு மடங்கு என்றும் இருந்தது. அந்தப் பழைய வரம்பை வைத்துக்கொண்டாலும், தம்பதிக்கு மாதம் 16,140 ராண்ட் வரை இடம் இருந்தது. உங்கள் மாமனாரின் ஓய்வூதியம், வாடகை இரண்டையும் கூட்டினால் 9,900 ராண்ட்; வட்டியைச் சேர்த்தாலும் வரம்பை எட்டவில்லை. அதற்காக முழுத் தொகையும் வரும் என்று எண்ணிவிட வேண்டாம். வருமானம் ஏற ஏற உதவித்தொகை இறங்கும்படியான ஒரு படிநிலை அளவு இருக்கிறது. முழுத் தொகை 2025 ஏப்ரலில் 2,310 ராண்டாகவும் அக்டோபரில் 2,320 ராண்டாகவும் உயர்ந்தது. உங்கள் மாமியாருக்கு அதற்குக் குறைவாகவும் வரலாம்.

இங்கே நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். உங்கள் மாமனாருக்கு 63 வயது என்கிறீர்கள். முன்பு பெண்களுக்கு 60, ஆண்களுக்கு 65 என்று இருந்த வயதுவரம்பு, 2008இல் தொடங்கிப் படிப்படியாகக் குறைக்கப்பட்டு 2010இல் இருபாலருக்கும் 60 என்று சமமாகிவிட்டது. ஆகவே அதே கணக்கின்படி அவரும் தம் பெயரில் தனியாக விண்ணப்பிக்கக் கூடியவர். மூன்று ஆண்டுகளாக விண்ணப்பிக்கவில்லை, அவ்வளவுதான். இந்த உதவித்தொகை பிறந்த நாளிலிருந்து கணக்கிடப்படுவதில்லை. விண்ணப்பம் கொடுத்த நாளிலிருந்துதான் கணக்கு. முடிவு சொல்ல மூன்று மாதம் வரை ஆகலாம். ஆனால் அனுமதி கிடைத்தால், விண்ணப்பித்த நாள்முதல் சேர்ந்த தொகை வந்துவிடும். அதற்கு முந்திய மாதங்கள் போனவை போனவையே. மாமியாருக்கு நான்கு மாதம் போயிற்று. வீட்டில் இன்னும் எத்தனை மாதம் விவாதிக்கப் போகிறீர்கள் என்பது உங்கள் விருப்பம்.

எடுத்துச் செல்ல வேண்டியவை: அடையாளப் புத்தகம் அல்லது அட்டை, மணநிலைக்கான சான்று, முகவரிச் சான்று, மூன்று மாத வங்கி அறிக்கை, ஓய்வூதியச் சீட்டு, வைப்புத் தொகைக்கான சான்று, பழைய வேலையிலிருந்து விடுவிக்கப்பட்டதற்கான கடிதம் அல்லது வேலையிழப்புக் காப்பீட்டு நிதியின் ஆவணம். துணைவர் கடந்த ஐந்து ஆண்டுகளுக்குள் இறந்திருந்தால் உயிலும் சொத்துப் பிரிப்புக் கணக்கும் கேட்பார்கள். இது உங்கள் அம்மாவுக்குப் பொருந்தக்கூடும். இவற்றில் ஏதேனும் ஒன்று இல்லை என்பதற்காக வீட்டிலேயே உட்கார்ந்துவிட வேண்டியதில்லை. உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுக்கலாம். காவல் நிலையத்தில் அதற்குக் கட்டணம் கிடையாது.

மணப்பதிவைப் பற்றி: நம்மவர்களின் சமயத் திருமணங்களைப் பழைய சட்டம் ஏற்காததால், அந்தத் தலைமுறையில் பதிவேட்டில் மணமாகாதவர்களாகவே முதுமையடைந்த பாட்டிமார் ஏராளம். மணமாகாதவர் என்று எழுதினால் மாமனாரின் ஓய்வூதியம் கணக்கில் வராதே என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். கோயிலில் மணந்து ஒன்றாக வாழ்கிறோம், பதிவு செய்யவில்லை என்று உள்ளதை உள்ளபடி உறுதிமொழிப் பத்திரத்தில் எழுதிக் கொடுங்கள். உங்கள் வருமானத்துக்குப் பொய் சொல்ல வேண்டிய தேவையே இல்லை.

600 ராண்ட் கேட்டவரைப் பற்றி ஒரே வரி: விண்ணப்பம் முற்றிலும் இலவசம், அவருக்கு எதையும் கொடுக்க வேண்டாம்.

வெருளம் மகன்:

மேலே ஐயா சொன்னவை அனைத்தும் சரி. மறைக்கக் கூடாது என்று அவர் சொன்னதற்கு என் அனுபவத்திலிருந்து ஒரு சான்று தருகிறேன்.

என் அம்மாவுக்கு விண்ணப்பித்தபோது, அவர் நடைமுறையில் பயன்படுத்தும் ஒரு வங்கிக் கணக்கை மட்டும் எழுதினோம். இருபது ஆண்டுகளுக்கு முன்பு என் தம்பியின் படிப்புக்காகத் தொடங்கி, பிறகு அம்மாவே மறந்துபோன இன்னொரு கணக்கு வேறு வங்கியில் இருந்தது. அதில் நானூற்றுச் சில்லறை ராண்ட் கிடந்தது. சாஸா விண்ணப்பதாரரின் அடையாள எண்ணை வைத்து வங்கிகள், அரசுப் பணியாளர் பதிவுகள், வேலையிழப்புக் காப்பீட்டு நிதி ஆகியவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பதால், அந்தக் கணக்கு வெளியே வந்துவிட்டது. தொகை சிறியது என்பதால் தகுதி கெடவில்லை. ஆனால் அந்தக் கணக்கின் அறிக்கையை வாங்கி வரச் சொன்னார்கள். வங்கியின் அந்தக் கிளை மூடப்பட்டுவிட்டது. மூன்று முறை அலைந்தோம். எங்கள் பகுதி அலுவலகத்தில் ஒரு முறை காலை ஐந்து மணிக்கு வரிசையில் நின்று, பதினொரு மணிக்குக் கணினி இணைப்பு போய்விட்டது என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி. அன்று நான் யாரிடம் கோபித்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றது இன்னும் நினைவில் இருக்கிறது.

2025 நடுவில், தெரிவிக்காத வருமானம் இருக்கக்கூடும் என்று குறிக்கப்பட்ட ஏறத்தாழ இரண்டு லட்சம் பேருக்குப் பணம் தாமதமாகி, அவர்களை அலுவலகத்துக்கு வந்து விளக்கம் தரச் சொன்னார்களே, அதையும் நினைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே எல்லாவற்றையும் எழுதிவிட்டால் இரண்டாம் வரிசையில் நிற்க வேண்டியிருக்காது.

இன்னொன்று. அனுமதி கிடைத்தபின் பணத்தைச் சாஸா அட்டையில் வாங்கலாம். மாமியாருக்குச் சொந்த வங்கிக் கணக்கு இருந்தால் அதிலேயே வரும்படியும் செய்யலாம். நாங்கள் வங்கிக் கணக்கைத் தேர்ந்தெடுத்தோம். பழைய தங்க நிற அட்டைக்குப் பதிலாகப் போஸ்ட்பேங்கின் கறுப்பு அட்டையை வாங்கச் சொன்ன காலத்தில், அக்கம்பக்கத்து முதியவர்கள் எல்லாம் பேரங்காடி வாசல்களில் வரிசை கட்டி நின்றபோது, அம்மா வீட்டில் இருந்தார். ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் முதியோருக்கு ஒரு நாள், மறுநாள் உடல் ஊனமுற்றோர், அதற்கடுத்த நாள் குழந்தைகளுக்கான தொகை என்று பணம் விடப்படுகிறது. முதல் நாளே எடுக்காவிட்டால் திரும்பிப் போய்விடும் என்ற அச்சம் பலருக்கு இருக்கிறது. போகாது, கணக்கிலேயே இருக்கும்.

சாட்ஸ்வொர்த் மருமகள்:

இருவருக்கும் மிக்க நன்றி. மாமனாரும் விண்ணப்பிக்கலாம் என்ற செய்தியை இரவு உணவின்போது மெதுவாகச் சொன்னேன். மாமியார் கணக்குப் போட்டுப் பார்த்து, மூன்று ஆண்டுப் பணமா என்று ஒரு முறைதான் கேட்டார். அதன்பிறகு வீட்டில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. மாமனார் தம் நிலையிலிருந்து இறங்கவில்லை. உழைத்துச் சேர்த்த ஓய்வூதியம் தமக்கு இருக்கும்போது, ஏழைகளுக்கு என்று வைத்ததை வாங்குவது முறையா என்று கேட்கிறார். அதற்கு என்னிடம் விடை இல்லை. அம்மாவைப் பற்றியும் யாராவது சொன்னால் நலம்.

கூடவே என் மைத்துனரைப் பற்றியும் ஒரு சிறு கேள்வி. வயது 47, வேலை போய் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வருமானம் இல்லாதவருக்குச் சாஸா தரும் 370 ராண்ட் உதவிக்கு விண்ணப்பித்தால், வருமானம் இருப்பதாகச் சொல்லி மறுக்கிறார்கள். வருமானம் ஒன்றும் இல்லை. நாத்தனார்தான் மாமியாரின் மருந்துக்காக மாதம் 700 ராண்டை அவருடைய கணக்கில் போடுகிறார்.

மேர்பேங்க் தாத்தா:

மகளே, உன் மாமனாரின் கேள்விக்கு நான் விடை சொல்கிறேன். எனக்கு 76 வயது. பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அவரைப் போலவே நானும் ஒரு காலத்தில் பேசினேன்.

இந்த நாட்டில் முதியோருக்கு அரசு ஓய்வூதியம் தரும் சட்டம் 1928இல் வந்தது. வெள்ளையருக்கும் கலப்பினத்தவருக்கும் மட்டுமே அது உரியது. இந்தியரும் கறுப்பின மக்களும் அதிலிருந்து விலக்கப்பட்டார்கள். கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தக் கூலிகளாகத் தேய்ந்த நம் முன்னோர் அந்நாளில் முதுமையில் இருந்தார்கள் என்பதை நினைத்துப் பார். 1944இல், பிரதமர் ஸ்மட்ஸின் ஆட்சியில்தான் அது நமக்கும் கறுப்பின மக்களுக்கும் விரிவாக்கப்பட்டது. அப்போதும் இனத்துக்கு ஒரு தொகை. கறுப்பினத்தவருக்கு மிகக் குறைவாகக் கொடுத்ததோடு, பல காலம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் கொடுத்தார்கள். நால்வகை மக்களுக்கும் ஒரே தொகை என்ற நிலை 1993இல்தான் வந்தது. கையேந்துவது என்று உன் மாமனார் சொல்கிறாரே, அந்தக் கையில் எதையும் வைக்கக் கூடாது என்று ஒரு சட்டம் இருந்தது என்பதை அவரிடம் சொல்.

இப்போது அரசியலமைப்பின் 27ஆம் பிரிவு, தம்மையும் தம்மைச் சார்ந்தவரையும் காத்துக்கொள்ள இயலாதவருக்கு உரிய சமூக உதவியை ஓர் உரிமையாகவே எழுதி வைத்திருக்கிறது. அதற்கான வரம்பை நாடாளுமன்றமும் அமைச்சரும் வகுத்திருக்கிறார்கள். வரம்புக்குள் இருப்பவர் வாங்குவதால் வேறோர் ஏழைக்கு வர வேண்டியது குறைந்துவிடாது. இது ஒரே பானையிலிருந்து பங்கிட்டுக் கொடுக்கும் அன்னதானம் அன்று. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பல நாடுகளில் உழைக்கும் காலத்தில் எல்லோரும் கட்டிய சந்தாவிலிருந்து முதுமையில் அரசு ஓய்வூதியம் வருகிறது. இங்கே அப்படிப்பட்ட தேசியத் திட்டம் இல்லை. முதலாளி ஒரு விழுக்காடும் தொழிலாளி ஒரு விழுக்காடும் கட்டும் நிதி வேலையிழப்புக்குத்தான். உதவித்தொகை முழுவதும் பொது வரியிலிருந்து வருகிறது. நாற்பது ஆண்டுகள் மாநகராட்சியில் உழைத்தவர் வருமான வரியும், கடைக்குப் போன ஒவ்வொரு நாளும் மதிப்புக்கூட்டு வரியும் கட்டியிருப்பார் அல்லவா?

எனக்கு மனம் மாறிய இடம் வேறு. என் தங்கை இளம் வயதில் கணவனை இழந்தவள். அரசுப் பராமரிப்பு உதவி என்று ஒன்று அந்நாளில் இருந்தது. கணவன் இல்லாத தாய்க்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து வரும். இந்தியப் பெண்களும் கலப்பினப் பெண்களும் அதை அதிகமாகப் பெற்றார்கள். கறுப்பினப் பெண்களுக்குப் பெரும்பாலும் எட்டவே இல்லை. இனவெறி ஆட்சி முடிந்து விடுதலை வந்த பிறகு ஒரு குழு அமர்ந்து ஆராய்ந்து, எல்லா இனத்துக்கும் அதே தொகையைக் கொடுக்க நிதி போதாது என்று கண்டு, அதற்குப் பதிலாகக் குழந்தை ஆதரவுத் தொகையை வகுத்தது. 1998இல் அது 100 ராண்டாக, ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு மட்டும் தொடங்கியது. பழைய உதவியை 2001க்குள் படிப்படியாக நிறுத்திவிட்டார்கள். என் தங்கையின் பிள்ளைகளுக்கு அப்போது ஒன்பது வயதும் பன்னிரண்டு வயதும். பழையது போயிற்று, புதியது அவர்களுக்கு வரவில்லை. நாட்டின் கணக்கில் அது நியாயம்தான். இன்று ஒரு கோடியே முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு, 18 வயது வரை, அந்தத் தொகை போகிறது. 2025இல் மாதம் 560 ராண்ட். ஆனால் அந்த ஆண்டுகளில் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது என் சம்பளத்தில். அப்போதுதான், அரசு உதவி என்பது மானக்கேடு என்று நான் பேசியதெல்லாம், மாதச் சம்பளம் வரும் ஒருவனின் பேச்சு என்று எனக்குப் புரிந்தது.

நானும் இப்போது வாங்குகிறேன். 75 வயதைக் கடந்தவன் என்பதால் மாதம் 20 ராண்ட் கூடுதல். ஒரு ரொட்டி வாங்கலாம்.

ஃபீனிக்ஸ் சமூகப்பணி:

பெரியவருக்கு வணக்கம். அந்தப் பராமரிப்பு உதவி நிறுத்தப்பட்ட ஆண்டுகளில் எங்கள் மேசைக்கு முன்னால் வந்து நின்ற தாய்மார்களின் முகங்கள் எனக்கும் மறக்கவில்லை.

உங்கள் அம்மாவைப் பற்றி: உண்டு. 2004ஆம் ஆண்டுக்கு முன்பு இந்த உதவித்தொகைகள் குடிமக்களுக்கு மட்டுமே என்று இருந்தன. மொசாம்பிக்கிலிருந்து வந்து லிம்போப்போ பகுதியில் நிரந்தர வசிப்புரிமையோடு வாழ்ந்த சிலர் தொடுத்த வழக்கில், அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த விலக்கைச் செல்லாது என்று தீர்த்தது; கோசா வழக்கு என்று அதைச் சொல்வார்கள். 27ஆம் பிரிவு குடிமக்கள் என்று சொல்லாமல் ஒவ்வொருவருக்கும் என்று சொல்கிறது என்பதே அந்தத் தீர்ப்பின் அடிப்படை. ஆகவே நிரந்தர வசிப்புரிமை பெற்றவரும், ஏதிலி என அங்கீகரிக்கப்பட்டவரும் விண்ணப்பிக்கலாம். உறவினர் விசா போன்ற தற்காலிக அனுமதியில் இருப்பவருக்கு இது பொருந்தாது. உங்கள் அம்மாவின் ஆவணத்தில் நிரந்தரம் என்று இருக்கிறதா என்பதை ஒரு முறை உறுதி செய்துகொள்ளுங்கள். அவருக்கு இந்நாட்டு அடையாள எண் இருந்தால் வேலை எளிது.

அவர் தனி நபராகக் கணக்கிடப்படுவார். தஞ்சைப் பக்கம் நிலமோ, அப்பாவின் குடும்ப ஓய்வூதியமோ இருந்தால் அவற்றையும் எழுத வேண்டும். கடலைத் தாண்டிவிட்டதால் நிலம் நிலமில்லாமல் போய்விடாது. ஊருக்குப் போனால் எத்தனை நாள் தங்குகிறார் என்பதையும் கவனியுங்கள்: தொடர்ந்து 90 நாட்களுக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்தால் உதவித்தொகை நிறுத்தப்படலாம். பொங்கலுக்குப் போய்ச் சித்திரைத் திருவிழாவையும் பார்த்துவிட்டு வரலாம் என்று தங்கிவிட்டுத் திரும்பி வந்து திண்டாடியவர்கள் உண்டு. மூன்று மாதம் தொடர்ந்து பணத்தை எடுக்காவிட்டாலும் கேள்வி வரும்.

படுக்கையோடு இருக்கும் முதியவர் யாருக்கேனும் இது பயன்படலாம் என்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். முழுநேரமும் பிறர் துணை தேவைப்படும் நிலை என்று மருத்துவர் சான்றளித்தால், முதியோர் தொகைக்கு மேல் பராமரிப்புத் துணைத்தொகை என்று ஒன்று உண்டு; 2025இல் 560 ராண்ட். பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அலுவலகத்திலும் கேட்டால்தான் சொல்வார்கள்.

டோங்காட் கணக்கர்:

மைத்துனரின் 370 ராண்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இது 2020 மே மாதத்தில் கோவிட் காலத்தில் 350 ராண்டாகத் தொடங்கி, 2024 ஏப்ரலில் 370 ஆன உதவி. 18 முதல் 59 வயது வரை உள்ளவருக்கானது. மற்ற உதவித்தொகைகளைப் போல் ஒரு முறை அனுமதித்தால் தொடர்ந்து வருவதில்லை. ஒவ்வொரு மாதமும் வங்கிப் பதிவுகளோடு புதிதாக ஒப்பிடப்படுகிறது. மாதம் 624 ராண்டுக்கு மேல் கணக்கில் வந்தால் வருமானம் உள்ளவர் என்று கணினி முடிவு செய்துவிடும். 700 ராண்ட் ஏன் தடையாயிற்று என்பது இப்போது விளங்கும். மருந்துக்கு வந்த பணமா, கூலியாக வந்த பணமா என்று கணினி கேட்பதில்லை.

2025 ஜனவரியில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் இந்தத் திட்டத்தின் விதிகளில் பலவற்றைச் செல்லாதவை என்று தீர்த்தது. உறவினர் அனுப்பும் பணத்தையெல்லாம் வருமானமாகக் கொள்வது அவற்றில் ஒன்று. அரசு மேல்முறையீட்டுக்குச் சென்றதால் நடைமுறை உடனே மாறவில்லை. ஆகவே இப்போதைக்கு நாத்தனார் மருந்துப் பணத்தை நேராக மாமியாரின் கணக்கில் போடட்டும். மாமியாரின் விண்ணப்பத்தில் அதையும் சொல்லிவிடுங்கள். மறுக்கப்பட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் தனித்தனியாக மேல்முறையீடு செய்ய வேண்டும். ஒரு மாதத்துக்குச் செய்தால் மற்ற மாதங்களுக்கும் செல்லும் என்று பலர் ஏமாந்திருக்கிறார்கள்.

மாமியார், அம்மா ஆகியோருடைய விண்ணப்பங்கள் மறுக்கப்பட்டாலும் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முடிவு தெரிந்த 90 நாட்களுக்குள் முறையிட வேண்டும். சாஸாவுக்கு வெளியே, சமூக மேம்பாட்டுத் துறையின் கீழ்த் தனியாக அமைந்த தீர்ப்பாயம் ஒன்று அதை விசாரிக்கிறது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை: பணம் வரத் தொடங்கியதும், ஈமச்சடங்குக் காப்பீடு என்று சொல்லிக்கொண்டு ஆட்கள் வருவார்கள், தொகையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் அதற்காகப் பிடிக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அட்டையையும் ரகசிய எண்ணையும் அடகாக வாங்கிக்கொண்டு கடன் கொடுக்கும் மஷோனீசாக்கள் எல்லா வட்டாரத்திலும் இருக்கிறார்கள். அப்படி அட்டையைப் பிடித்து வைப்பது சட்டப்படி குற்றம்.

சாட்ஸ்வொர்த் மருமகள்:

செவ்வாய்க்கிழமை காலையில் மாமியாரையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். நான்கு மணி நேரம் ஆயிற்று. அங்கிருந்த அலுவலர் பொறுமையாகவே கேட்டார். மணப்பதிவைப் பற்றி ஐயா சொன்னபடியே உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தோம். அம்மாவின் படிவத்தில், அப்பாவின் சொத்துக் கணக்குக்கான ஆவணம் இந்தியாவிலிருந்து வர வேண்டும் என்பதைக் குறித்துக்கொண்டு, அதைப் பின்னர் கொண்டுவரச் சொன்னார்கள். ஆனால் விண்ணப்பத்தை அன்றே ஏற்றுக்கொண்டார்கள். இருவருக்கும் தேதி முத்திரையோடு ரசீது கொடுத்தார்கள். அதைப் படம் எடுத்தும் வைத்துக்கொண்டேன்.

மாமனார் எங்களை வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு, உள்ளே வராமல் வெளியே மரத்தடியில் நின்றிருந்தார். திரும்பும் வழியில் ரசீதை வாங்கிப் படித்தார். பெரியவர் எழுதியதை அன்று இரவு நான் ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டினேன். 1928 என்று சொன்னவுடன், தம் தாத்தா அந்த ஆண்டு டர்பன் துறைமுகத்தில் வேலை செய்துகொண்டிருந்தார் என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. இன்று காலை, மூன்று மாத வங்கி அறிக்கை எந்தத் தேதியிலிருந்து வேண்டும் என்று என்னைக் கேட்டார்.